டாக்டர் முகத்துக்கு நேரே ஒரு கால்

கொரோனா ஊரடங்கில் மில்லர்புரத்திலேயே மிகத் திருப்தியான நோயாளி எங்கள் அப்பாதான். வாரம் ஒருமுறை டாக்டர் செல்போன் திரையில் வருவார். அப்பா காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் இடுப்புக்குக் கீழே பழைய சாரமுமாகத் தயாராக உட்கார்ந்திருப்பார். டாக்டரும் நாசரேத்துப் பக்கத்துக்காரர். அதனால் முதலில் ஜெபம், பிறகு ஊர்க்கதை, கடைசியில் போனால் போகிறதென்று சர்க்கரை வியாதி. அதற்கும் அப்பாவிடம் ஒரே பதில்தான்: கர்த்தர் கிருபையில் சுகம். உடன்குடிக் கருப்பட்டி சர்க்கரையில் சேராது என்பது அவருடைய விசுவாசம்.

பேசி முடித்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து செல்போனுக்கு ஒரு கேள்வி வரும்: எவ்வளவு திருப்தி? அப்பா சொல்லச் சொல்ல நான் ஐந்து நட்சத்திரத்தையும் அமுக்குவேன்.

இதற்கிடையில் அவருடைய வலது கால் சுண்டுவிரல் கருத்துக்கொண்டே வந்தது. டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். ஆஸ்பத்திரியில் என்றால் கால் பாட்டுக்குக் கீழே கிடக்கும், அவர் குனிந்து பார்த்துக்கொள்வார். போனில் காட்டுவதென்றால் காலைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும்.

"ஏளா, படிச்ச மனுஷன் மூஞ்சிக்கு நேரா காலை நீட்டச் சொல்லுதியா?"

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, காலமெல்லாம் அத்தனை பேர் தலைக்கும் மேலே கால் வைத்து உட்கார்ந்திருந்த மனுஷர் பேசுகிற பேச்சா இது? நானே சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தால் போனை அணைத்துவிடுவார். விரலிலிருந்து வாடை அடித்த அன்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மரியாதையைக் காப்பாற்றப் போய்க் காலையே கொடுத்துவிடுவார் போலிருந்தது.

அடுத்த முறை ஜெபம் ஆரம்பித்தது. அப்பா கண்ணை மூடினார், திரையில் டாக்டரும் மூடினார். எங்கள் வீட்டு ஜெபம் சீக்கிரம் முடிகிற ரகமில்லை, உலக சமாதானம் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பும். நான் போனைப் பைய எடுத்து, தரையில் உட்கார்ந்து, அந்த விரலுக்கு நேரே பிடித்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த டாக்டருக்குக் கிடைத்த தரிசனம் அதுதான். உடனே ஐயாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. அப்பா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கட்டு மாற்றுகிற அன்று டாக்டர் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். அப்பா கூச்சத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் நனைந்திருந்தது. எனக்கும்தான்.

வீட்டுக்கு வந்ததும் போனில் வழக்கமான கேள்வி. எத்தனை நட்சத்திரம் போட என்று கேட்டேன், பதில் வராது என்று தெரிந்தே. அப்பா கட்டுப் போட்ட காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாலு போடுளா. எங்காலுலயே நாலுதான இருக்கு."