வைக்காத செவ்வரளி

இருசம்மாளுக்கு எதற்கெடுத்தாலும் பூக் கேட்க வேண்டும். ஆட்டுக்குட்டி வாங்குவதா, பூக் கேள். கூரையை இந்த வருஷம் மாற்றுவதா, பூக் கேள். ஒரு தடவை வயிற்று வலி தாங்காமல் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவள், பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்த் திரும்பி வந்து பூக் கேட்டுவிட்டு மறுபடி போனாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ரஞ்சன்குடிக் கோட்டைக்குத் தெற்கே ஒன்றரை மைலில் இருக்கிற அந்த ஊரில் செல்லியம்மனை அவள் அளவுக்குத் தொந்தரவு செய்தவர்கள் யாரும் இல்லை.

கேட்கிற முறை எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு பூவரச இலையில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொரு இலையில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து வாழைநாரால் கட்டி அம்மன் காலடியில் போட வேண்டும். பூசாரி வீட்டுச் சின்னப் பெண் ஒரு பொட்டலத்தை எடுப்பாள். வெள்ளை என்றால் செய்யலாம். சிவப்பு என்றால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவே கூடாது, அப்படியே கொண்டுபோய்க் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். சிவப்பு வந்ததற்காக இருசம்மாள் எத்தனையோ ஆசைகளை முணுமுணுக்காமல் விட்டிருக்கிறாள்.

அப்பேர்ப்பட்டவள் எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரையில் அம்மனையே ஏமாற்றினாள். பெற்ற பிள்ளைக்காகத்தான், வேறு எதற்கு?

அவள் புருஷன் அரியமுத்து கிணறு வெட்டுகிறவன். பெரம்பலூர் சீமையில் கிணறு வெட்டுவது என்றால் மண்ணைத் தோண்டுவது இல்லை, பாறையைப் பிளப்பது. குழி போட்டு மருந்து கெட்டித்து வெடி வைப்பார்கள். ஒரு நாள் ஒன்பது வெடி வைத்த இடத்தில் எட்டுதான் வெடித்தது. ஒன்பதாவது வெடித்துவிட்டது என்று நினைத்து அரியமுத்து உள்ளே இறங்கினான். அவ்வளவுதான். மகன் ராசாங்கத்துக்கு அப்போது பத்து வயது.

கிணற்றை இனிமேல் எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது என்று மகனுக்குச் சொல்லித்தான் வளர்த்தாள். கேட்டானா? பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஏழு மாதம் தினக்கூலிக்குக் கல் ஏற்றினான். நிரந்தரம் ஆக்குவார்கள் என்று காத்திருந்து, ஆக்கவில்லை என்றதும் ஊருக்கு வந்தான். வந்தவனைக் கிணறுதான் கூப்பிட்டது. பம்ப்செட் குழாயின் அடிநுனியில் புட்வால்வு என்று ஒன்று இருக்கிறது. அதில் சேறோ குச்சியோ அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறாது, ஒருவன் மூச்சடக்கி அடிவரைக்கும் முங்கி அதைச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வட்டாரத்தில் ராசாங்கம் மாதிரி மூச்சடக்க ஆள் கிடையாது. "டேய், ராசாங்கத்தைக் கூப்பிடுறா" என்று கிணறு வைத்திருக்கிற காட்டுக்காரர்கள் ஆள் அனுப்புவார்கள். இவனும் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் போவான்.

அவன் முங்கும்போதெல்லாம் இருசம்மாள் எங்கே இருந்தாலும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். வெங்காயக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பாள், தூரத்தில் இஞ்சின் சத்தம் நின்றிருக்கும். இவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இஞ்சின் மறுபடி படபடவென்று கிளம்பினால்தான் கையை எடுப்பாள். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

ஒரு நாள் பட்டாளத்து அழகேசன் கடைவீதியில் நின்று பேசிக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷம் பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டுப் பென்ஷனோடு வந்தவர். வந்த கையோடு பஸ் டிரைவர் வேலையும் கிடைத்தது, காக்கிச்சட்டை கலையாமல் ஊருக்குள் நடப்பார். அவரைப் பேர் சொல்லி யாரும் 'டேய்' போட்டுக் கூப்பிட்டு இருசம்மாள் கேட்டதில்லை. திருச்சியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று அவர்தான் சொன்னார்.

"நம்ம ராசாங்கத்த எடுத்துக்குவாங்களாண்ணே?"

"அவன் நெஞ்சுக்கூட்டுக்கு எடுக்காம இருப்பாங்களா? பத்தாவது வேற படிச்சிருக்கான். டிரைவர் வேலைக்குப் பழக்கிடுவாங்க. ஆனா ஒத்தப் புள்ளையாச்சேம்மா, நீ அனுப்புவியா?"

வீட்டுக்கு வந்து உலையை வைத்துவிட்டு, அரிசி போட மறந்து, தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை யோசித்தாள். பிறகு மகனிடம் சொன்னாள்.

ராசாங்கம் ஒரேயடியாக மறுத்துவிட்டான். "உன்னத் தனியா வுட்டுட்டுப் பட்டாளத்துக்கா? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"ஊருதான் எனக்குச் சோறு போடுதா? பதினஞ்சு வருசம்டா. முப்பத்தஞ்சு வயசுல திரும்பி வந்து ஒரு வண்டி ஓட்டுவ. யாரும் உன்ன வாடா போடான்னு கெணத்துக்குக் கூப்பிட மாட்டான்."

"சண்டை வந்து செத்துப்போனா?"

இருசம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கப்பன் எந்தச் சண்டையில செத்தான்? எந்தப் பட்டாளத்துல இருந்தான், சொல்லு!"

போக வேண்டும் என்கிற ஆசை அவனுக்கும் இல்லாமல் இல்லை. அது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அம்மாவை விட்டுப் போகிற பழியைத் தானே தூக்கிக்கொள்ளத்தான் அவனால் முடியவில்லை. கடைசியில் அவள் பிடியை வைத்தே அவளை மடக்கினான். "கோழி வாங்கறதுக்குக்கூடப் பூக் கேப்பியே, இதுக்கும் கேளு. வெள்ளை வந்தா போறேன். சிவப்பு வந்தா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

இதற்கு அவளால் எப்படி முடியாது என்று சொல்ல முடியும்?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பூப் பறிக்கப் போனாள். நந்தியாவட்டையைப் பறித்து மடியில் போட்டாள். அரளியிடம் போய் ஒரு பூவைப் பறித்தாள். கையில் வைத்துப் பார்த்தாள். இது வந்துவிட்டால்? இன்னும் எத்தனை கிணறு, எத்தனை முங்கு? ஒரு நாள் அந்த இஞ்சின் மறுபடி கிளம்பாமலே போய்விட்டால்? செவ்வரளியை வேலியோரம் எறிந்துவிட்டு, இன்னும் நாலு நந்தியாவட்டையைப் பறித்தாள். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்துக் கட்டினாள். நார் இரண்டு தடவை அறுந்துபோனது.

கோயிலில் பூசாரி வீட்டுக் குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா" என்றார் பூசாரி. ராசாங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டான். இருசம்மாள் மிச்சப் பொட்டலத்தை எடுக்கக் கையை நீட்டுவதற்குள் அவன் எடுத்துவிட்டான். "நீ இரும்மா, நான் போட்டுட்டு வரேன்." கிணறு கோயிலுக்குப் பின்னால் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்தான். முகத்தைக் கழுவியிருந்தான். வா போகலாம் என்றான். நல்லவேளை, பிரித்துப் பார்க்கவில்லை என்று அவள் மூச்சு விட்டாள்.

திருச்சியில் ஓடவிட்டார்கள், நிறுத்துப் பார்த்தார்கள், நெஞ்சை அளந்தார்கள். மூச்சை இழுத்துப் பிடி என்று சொல்லிவிட்டு டேப்பைப் பார்த்த ஆள், இன்னொரு ஆளையும் கூப்பிட்டு அளக்கச் சொன்னாராம். விடு என்று சொல்ல மறந்துபோய்ப் பேசிக்கொண்டே இருந்தார்களாம், இவனும் விடாமல் நின்றானாம். இதை ராசாங்கம் சொல்லும்போது இருசம்மாள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. கிணறு கொடுத்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்றாள்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவனை ஏற்றிவிட்டபோது அவள் அழவில்லை. பஸ் மறைந்த பிறகு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அடுத்த பஸ், அதற்கடுத்த பஸ் எல்லாம் போன பிறகுதான் எழுந்தாள்.

பெங்களூரில் டிரெயினிங். அப்புறம் லாரி. கடுதாசி மாதம் ஒன்று வரும், அழகேசன் படித்துச் சொல்வார். வருஷத்துக்கு ஒரு லீவு. கூரை ஓடானது, ராசாங்கத்துக்கு மீசை தடித்தது, ஊரில் பேச்சுவாக்கில் 'பட்டாளத்தார் அம்மா' என்று அவளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லாம் அவள் நினைத்தபடிதான் நடந்தது. ஆனால் அவள் பூக் கேட்பதை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டாள்.

எந்த முகத்தோடு போய்க் கேட்பாள்? வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுவாள், அம்மனை நிமிர்ந்து பார்க்காமல் சொல்வாள்: "தப்பு என்னோடது. தண்டிக்கிறதா இருந்தா என்னத் தண்டி. அவனுக்கு ஒண்ணும் தெரியாது." அவனுக்குக் காய்ச்சல் என்று கடுதாசி வந்தாலும் தன் பாவம்தான் என்று நினைப்பாள். தந்திக்காரன் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் இவள் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருவாள். இப்படி ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஆறு வருஷம்.

ஆறாவது வருஷம் அவனை லடாக்குக்கு அனுப்பினார்கள். பனியில் லாரி ஓட்டுகிற வேலை. "அங்கல்லாம் குளிர்ல விரலே உதிர்ந்துடும்" என்று அழகேசன் வாய் தவறிச் சொல்லித் தொலைத்துவிட்டார். அந்த வருஷம் கார்த்திகையில் வந்த கடுதாசிதான் கடைசி. மார்கழி போயிற்று, தை போயிற்று. பனியில் ரோடு மூடியிருக்கும், தபால் இறங்காது என்று அழகேசன் எத்தனையோ சமாதானம் சொன்னார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கோயில் வாசல் வரைக்கும் போவாள், உள்ளே போக பயந்து திரும்பி வருவாள்.

மாசி பிறந்து நாலாம் நாள், வெங்காயக் காட்டில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். "அம்மா" என்று குரல் கேட்டது. வரப்பின் மேல் பச்சைச் சட்டையும் தோளில் இரும்புப் பெட்டியுமாக ராசாங்கம் நின்றான்.

ஓடினாள். கட்டிப்பிடிக்கவில்லை. அவன் இரண்டு கையையும் பிடுங்கி, விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். பத்தும் இருந்தன. செருப்பைக் கழற்றச் சொல்லிக் கால் விரலையும் எண்ணினாள். காடே வேடிக்கை பார்த்தது.

"என்னம்மா இது, ஆட்டுக்குட்டிய வாங்கற மாதிரி பாக்குற?"

அவ்வளவுதான், இருசம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினாள். "நான் பாவிடா. அன்னைக்கு ரெண்டுலயும் வெள்ளையத்தான் வச்சேன். சாமி உத்தரவு குடுக்கல, நான்தான் ஏமாத்தி உன்ன அனுப்பிட்டேன். உனக்கு ஒண்ணு ஆயிருந்தா..."

ராசாங்கம் பெட்டியை இறக்கி அதன்மேல் உட்கார்ந்தான். "தெரியும்மா" என்றான்.

"என்ன தெரியும்?"

"ரெண்டும் வெள்ளைன்னு. கெணத்துல போடறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாத்துட்டேன்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். "பாத்துட்டுமா போன?"

"சாமி சொல்லியிருந்தா போயிருப்பேனோ மாட்டேனோ. கோழிக்குக்கூட ஆத்தாவ மீறாதவ நீ. நான் கெணத்துல கெடக்கக் கூடாதுன்னு ஆத்தாவையே மீறிட்டியே. அதுக்கப்புறம் எப்படிம்மா போகாம இருக்கறது? அங்கயே உக்காந்து அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வந்தேன்."

இருசம்மாள் வரப்பில் கிடந்த களைக்கொத்தை எடுத்துவிட்டுக் கீழே போட்டாள். பிறகு வெறுங்கையால் அவன் முதுகில் போட்டாளே ஒரு போடு! "ஆறு வருசம்டா படுபாவி! தெனமும் செத்துச் செத்துப் பொழச்சேனே. ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போயிடுவ?"

"சொன்னா நீ அழுவ. நீ அழுதா நான் பஸ் ஏறியிருக்க மாட்டேன்மா."

இன்னும் ஓங்கிய கையை அவள் அவன் தலையில் வைத்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குக் களை எடுப்பு அத்தோடு சரி.

லீவு முடிகிற வெள்ளிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். போகும் வழியில் அந்தப் பழைய அரளியில் ஒரு பூவைப் பறித்தாள், ஒன்றே ஒன்று. பொட்டலம் எதுவும் கட்டவில்லை. பூசாரி குழந்தையைக் கூப்பிடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். ஆறு வருஷத்துக்கு அப்புறம் அம்மனை நிமிர்ந்து பார்த்து, செவ்வரளியைக் காலடியில் வைத்தாள்.

"இந்தா ஆத்தா, அன்னைக்கு உனக்கு வைக்காம வுட்ட பூ. போலாமா வேணாமான்னு கேக்க நான் வரல. எம் புள்ள நாளைக்குப் போறான். சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன், பாத்துக்க."

பின்னால் நின்ற ராசாங்கம் அம்மா திரும்புவதற்குள் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.