பத்தாம் எண்ணுக்குப் பின்னால் வந்த வண்டி

“பெரியப்பா, கடைசி வண்டிக்குப் பின்னாடி யார் வருவாங்க?”

என் சகலையின் ஐந்து வயது மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். “யாரும் வரமாட்டாங்கம்மா, அதனாலதான் அது கடைசி வண்டி” என்று சிரித்தேன். இரண்டு வாரத்தில் அந்தப் பதில் தவறென்று தெரிந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கடவுளுக்குப் பயந்தவன் நான். ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் பிழைப்பதே சுற்றுலாப் பயணிகளால்தான். மண்பாதையில் ஜீப்பில் மலையுச்சிக்குப் போகவென்றே வருவார்கள். பாதை பாழாகிறது என்று ஒரு கட்டத்தில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பத்து ஜீப்புகளுக்கு மட்டும் அனுமதி. முன்பக்கம் மஞ்சள் எண் தகடு கட்டாயம். மாலை ஆறு மணிக்குமேல் மேலே நிற்கும் வண்டிக்கு அனுமதி ரத்து. பத்தாம் எண் வண்டி எப்போதும் கடைசியாக இறங்க வேண்டும். வழியில் யாருமில்லை என்று அதன் டிரைவர் சொன்ன பிறகுதான் காவலாளி அடிவாரக் கேட்டைப் பூட்டுவார்.

பத்தாம் எண் என்னுடையது. ஏழாம் எண் சகலையுடையது.

அவன் வண்டிக்கு எப்போதும் கூட்டம். அவன் பேச்சு அப்படி. என் வண்டி நிழலில் கிடக்கும். “என்ன சகலை, வண்டி வாங்குனீங்களா, இல்ல செடி மாதிரி நட்டு வச்சிருக்கீங்களா?” என்று எல்லார் முன்னாலும் கேலி பண்ணுவான். வீட்டுக்கு வந்தால் மனைவி, “என் தங்கச்சி வீட்டுக்காரரைப் பாருங்க” என்பாள். பார்த்தேன். பார்த்துப் பார்த்து வயிறெரிந்தேன்.

அன்று மாலை 5.46. காலி வண்டியோடு இறங்கிக்கொண்டிருந்தேன். பாறை வளைவில் ஏழாம் எண் நின்றது. பயணிகளை முன்னால் போன வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, சகலை தனியாகப் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். கை காட்டினான்.

பார்க்காதது போல் போய்விட்டேன்.

ஆறு மணி தாண்டட்டும். அனுமதி போகட்டும். அந்தக் கூட்டம் என் பக்கம் வரட்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

“மேல யாராவது?” என்று காவலாளி கேட்டார்.

“யாருமில்ல.”

6.00. பூட்டு ‘டக்’கென்று விழுந்தது.

6.09. வீட்டுக்குப் போகும் மண்பாதை. கண்ணாடியில் வெளிச்சம். ஒற்றை விளக்கு. சகலைதான் வருகிறான்... ஆனால் கேட் பூட்டியிருக்கிறதே?

வேகத்தைக் கூட்டினேன். அதுவும் கூட்டியது.

நிறுத்தினேன். அதுவும் நின்றது.

பாம்... பாம்... பா...ம்.

திரும்பிப் பார்த்தேன். பானெட் திறந்தபடி இருந்தது. பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு யாரால் வண்டி ஓட்ட முடியும்?

மஞ்சள் தகடும் இல்லை.

“சகலை...?”

6.13. இறங்கி நாலடி நடந்தேன். மழை ஈரம் காயாத மண். அதில் என் டயர் தடம் மட்டும்...

அந்த வண்டியில் டிரைவர் சீட் காலி.

பாம்...

இந்த முறை என் காதருகே.

கண்ணை மூடித் திறந்தேன்.

பாதையில் எதுவுமில்லை.

சகலைக்கு ஏதோ ஆகிவிட்டது. அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. வண்டியைத் திருப்பினேன்.

“கேட்டைத் திறங்க. சகலை மேல இருக்கான்.”

“யாருமில்லன்னு சொன்னீங்களே?”

“பொய் சொன்னேங்க.”

காவலாளியும் ஏறிக்கொண்டார். 6.31. ஜாக்கி சரிந்து, சகலையின் கால் வண்டிக்கடியில் நசுங்கியிருந்தது. மண்ணெல்லாம் ரத்தம். இருவருமாக ஜாக்கியை மறுபடி நிறுத்தி, வண்டியைத் தூக்கி அவனை இழுத்தோம்.

“ஹாரன் கேட்டுச்சு சகலை... நீங்க வந்துருவீங்கன்னு அப்பவே தெரியும்” என்றான்.

நான் ஹாரன் அடிக்கவே இல்லை.

கால்மணி நேரம் பிந்தியிருந்தால் உயிர் தங்கியிருக்காது என்றார் டாக்டர்.

மறுநாள் காவலாளியிடம் நான் பார்த்ததைச் சொன்னேன்.

“தகடு இல்லையா? நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“கட்டுப்பாடு வர்றதுக்கு முந்தி, அதே வளைவுல ஒரு டிரைவர் பானெட்டைத் திறந்து வச்சுட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தாராம். நெஞ்சுவலி. தாண்டிப் போன வண்டி ஒண்ணுகூட நிக்கல. காலையிலதான் உடம்பை எடுத்தாங்க. கடைசி வண்டிங்கற வழக்கமே அதுக்கப்புறம் வந்ததுதான். அப்ப எந்த வண்டிக்கும் தகடு கிடையாது.”

அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். ஏழாம் எண்ணின் அனுமதி தப்பியது. என் தகட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் சகலையிடமும் சொன்னேன், அன்று அவன் கை காட்டியதைப் பார்த்தேன் என்று. சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான். பிறகு, “பசிக்குது சகலை, சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வாங்க” என்றான்.

இப்போது பத்தாம் எண் வேறொருவருடையது. தினமும் அந்த வண்டி இறங்கிய பிறகு, காவலாளியிடம் மட்டும் சொல்லிவிட்டு, நான் அந்த வளைவுக்கு நடந்து போகிறேன். கூட யாரையும் அழைத்துப் போவதில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. பாதையோரம் நின்று சத்தமாகக் கேட்கிறேன்.

“யாராவது இருக்கீங்களா? நான் நிக்கிறேன்.”

ஒரு வண்டி கடந்து போகும் நேரம் நிற்கிறேன். பிறகு இறங்கி வருகிறேன்.