தம்பிக்காக அம்மா விட்ட தமிழ்

எங்கள் அம்மா கர்த்தரிடம் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினருக்கும் சபையாருக்கும் மகளின் வணக்கம்.

அம்மா பிறந்தது விஜயபுரம் பக்கம், வேர்க்கடலை பயிரிட்ட தமிழ்க் குடும்பத்தில். மணமாகிச் சித்தூர் வந்தார். எனக்குப் பின் தம்பி பிறந்தான். ஐந்து வயதாகியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்த்தபோது, இரண்டு பாஷை அவனைக் குழப்பும், வீட்டிலும் தெலுங்கே பேசுங்கள் என்று அங்கிருந்த டீச்சர் சொன்னார். அன்று மாலையிலிருந்து அம்மா அவனிடம் தமிழ் பேசவே இல்லை. காய்கறிக்குப் பேரம் பேசும் அளவு தெலுங்குதான் அவருக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டே கொஞ்சினார், திட்டினார், சட்டைப் பித்தான் போடக் கற்றுக்கொடுத்தார். ஜெபமும் என்னிடம் பேசுவதும் மட்டும் தமிழில். ஜெபம்கூட அவன் பள்ளிக்குப் போன பிறகுதான். அப்படியெல்லாம் தமிழை விட்டிருக்கத் தேவையில்லை என்று ஒரு டாக்டர் சொன்னபோது தம்பிக்கு இருபது வயது. அம்மா அன்று சாப்பிடவில்லை.

அம்மாவைப் பொறுமையின் வடிவம் என்று எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் தம்பி தரையில் புரண்டு அழுதபோது ஓங்கி ஓர் அறை விட்டார். வேடிக்கை பார்த்தவர்களிடம், கோபத்தில் தமிழிலேயே, "உங்க ஊட்ல ஒரு நாள் வெச்சிக்கினு பாருங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும், "கொடம் ரொம்புற வரிக்கும் என்னெக் கூப்டாத" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனார். அவருக்குக் கிடைத்த ஓய்வு அவ்வளவுதான். பல நாள் குடம் வழிந்தும் நான் கூப்பிட்டதில்லை.

எனக்குத் திருப்பதியில் வேலை, குடும்பம். ஞாயிறுதோறும் சித்தூர் வந்து போவேன். தனக்குப் பிறகு தம்பி யாரிடம் என்று அம்மா ஒருமுறையும் கேட்டதில்லை. அந்தப் பேச்சு எழும் முன்பே நானும் பஸ்ஸைச் சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடுவேன்.

சென்ற ஆண்டு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. நான் லீவு போட்டு வந்து தங்கினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து பேச்சு திரும்பியபோது தமிழ் மட்டுமே மிஞ்சியிருந்தது. "துன்னியாடா?" என்று தம்பியிடம் கேட்டார். ஐந்து வயதுக்குப் பிறகு தன்னிடம் அம்மா தமிழில் பேசி அவன் கேட்டதே இல்லை. பயந்துபோய்ச் சமையலறைக்குப் போய் அம்மாவைத் தேடினான். அதன்பின் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்து, அம்மா சொன்னதையெல்லாம் நான் தெலுங்கில் சொன்னேன்.

அம்மா போவதற்கு முந்தின நாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத. அக்கா கீறா" என்றார். தம்பி என் முகத்தைப் பார்த்தான். அதுவரை சொன்னதெல்லாம் அம்மாவின் பேச்சு. அக்கா இருக்கிறாள் என்று நானே சொன்னால் அது என் பேச்சாகிவிடும். தெலுங்கு மறந்தவருக்கு நான் எதைச் சொன்னாலும் தெரியாது, வேறு ஏதாவது சொல்லித் தப்பலாம் என்றும் நினைத்தேன். மறைப்பானேன்.

"பயபடொத்துரா. அக்க உந்தி" என்றேன். தம்பி அம்மாவின் கையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தான்.

இப்போது தம்பி எங்களோடு திருப்பதியில் இருக்கிறான். சுலபமாக இல்லை. நானும் அவனை அடித்துவிட்டுக் குழாயடியில் நின்றிருக்கிறேன்.

ஆஸ்பத்திரி நாட்களில் தம்பிக்குச் சோறூட்டிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும், முறைவைத்து வந்து துணையிருந்த சபைப் பெண்களுக்கும், முகம் சுளிக்காத என் கணவருக்கும் நன்றி. அம்மாவுக்கு நன்றி சொல்லத்தான் மனம் இன்னும் முழுதாக வரவில்லை. என்னிடம் நேராகவே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.