நாற்பத்தைந்தாவது சஹன்

போனில் கணக்கு விளையாடுகிறவர்களை என் கண்ணிலேயே காட்டக் கூடாது. நானும் இரண்டு மாதம் விளையாடித் தொலைத்தவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

தொடக்கி வைத்தவர் என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவர், என் மச்சான். பென்சன் எடுத்த பிறகு மூளை துருப்பிடிக்கக் கூடாதென்று யாரோ பழக்கிவிட்ட விளையாட்டாம். முப்பது விநாடிக்குள் பத்துக் கணக்குக்கு விடை தட்ட வேண்டும். எல்லாம் சரியென்றால் திரையில் பலூன் பறக்கும்; வேகத்துக்கு நூற்றுக்கு இவ்வளவென்று புள்ளியும் விழும். அறுபது தாண்டிய மனிதர், அந்தப் பலூனுக்காக விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் குந்திவிடுவார். கல்முனைச் சந்தையில் என்னைக் கண்டால் சுகம் கேட்பதில்லை. "மச்சான், இண்டைக்கு எனக்கு தொண்ணூத்தெட்டு. உங்களுக்கு எத்தின?" அவ்வளவுதான்.

இவர் கையில்தான் மகளின் கலியாணச் சாப்பாட்டுக் கணக்குப் போய்ச் சேர்ந்தது. சஹன் சாப்பாடு. பாயில் ஆறு பேர் வட்டமாக இருக்க, நடுவில் ஆறு பேரும் கைவைக்கும் ஒரே பெரிய தட்டு; அதுதான் சஹன்.

"மாப்புள வீட்டாருக்கு முன்னால சோறு பத்தாமப் போனா, நான் அவங்கட மருதமுனைப் பக்கம் தலை காட்டேலா" என்று ராத்தா நாள் முழுக்கப் பயந்துகொண்டிருந்தா. ஆண்கள் நூற்று நாற்பத்தெட்டு, பெண்கள் நூற்று இருபத்திரண்டு என்று அவ சொல்லி வாய் மூடவில்லை, மச்சான் விடை தட்டிவிட்டார்.

"இருநூத்தி எழுவது. ஆறால பிரிச்சா நாப்பத்தஞ்சு சஹன். மிச்சமே இல்ல! சரியா மச்சான்?"

நானும் மூன்றே விநாடியில் பிரித்துப் பார்த்தேன். "ஓம், சரி."

"ரெண்டு மூண்டு கூடப் போடுங்களன்" என்றா ராத்தா.

"கணக்கு சரியா வந்தா என்னத்துக்கு புள்ள கூட? வீண்விரயம்."

கலியாணத்தன்று எல்லாரும் சாப்பிட்டு எழும்பும் நேரம், சமையல்காரர் கடைசிச் சஹனைத் தூக்கிக்கொண்டு நின்றார். "இது எந்தப் பக்கம்?"

முற்றத்துப் பந்தலில் பிந்தி வந்த ஆண்கள் நாலு பேர். வீட்டுக்குள் இரண்டு பெண்கள்: ராத்தாவும், மாப்பிள்ளையின் உம்மாவும்; மணப்பெண்ணோடு இருந்ததால் அவவும் பிந்திவிட்டா. நாலும் இரண்டும் ஆறுதான். பலூன் கணக்கின்படி அந்த ஆறு பேரும் ஒரே பாயில் குந்த வேண்டும்! எங்கள் ஊரில் ஆண்களும் பெண்களும் ஒரு சஹனில் இருக்கமாட்டார்கள் என்பது, தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். தொண்ணூற்றெட்டு எடுத்தவருக்கும் எனக்கும் தெரியவில்லை.

ராத்தா சஹனை ஆண்களுக்கு அனுப்பிவிட்டு அடுப்படியில் போய் நின்றா. பின்னாலேயே சம்பந்திப் பெண் வந்தா.

"மதினி, எங்கட சஹன் எங்க?"

மச்சான்தான் முந்திக்கொண்டு வந்தார். "கணக்குப் பிழையில்ல. இருநூத்தி எழுவத ஆறால பிரிச்சா..."

"அப்ப நான் போய் அந்த நாலு ஆம்புளையளோட குந்தவா?"

அடுப்படியே சிரித்தது. சம்பந்திப் பெண் தானே கரண்டியை எடுத்து, சட்டியின் அடியில் பிடித்திருந்த சோற்றைச் சுரண்டி ஒரு சோற்றுக் கோப்பையில் போட்டா. "இரி மதினி" என்று ராத்தாவின் கையைப் பிடித்துத் தரையில் இருத்தினா. இருவரும் அதே கோப்பையில் சாப்பிட்டார்கள். ராத்தா அழுதுகொண்டே சாப்பிட்டா.

நான் அன்றே விளையாட்டை அழித்துவிட்டேன். மச்சான் விடவில்லை. சம்பந்திப் பெண் எப்போது வந்தாலும் ராத்தா நேரே அடுப்படிக்குத்தான் கூட்டிப் போகிறா. போகிற வழியில், ராத்தா சொல்லிப் பலூன் கதை தெரிந்துகொண்ட சம்பந்தி மச்சானைக் கேட்பா: "இண்டைக்குப் பலூன் பறந்திச்சா?"

"ஓம்" என்று போனை நீட்டிக் காட்டுகிறார், வெட்கங்கெட்ட மனிதர்.