பட்டினி கிடந்த செல்களுக்கு நான் வைத்த விருந்து

திங்கட்கிழமை காலை சிவரூபி இன்குபேட்டரிலிருந்து தட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, இதுக்கு என்ன செய்தனீங்கள்?"

"சாப்பாடு போட்டேம்மா," என்றேன் பெருமையாக.

நான் கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் டெக்னிக்கல் ஒபிசர். பிறந்தது தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில். வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பினால் எங்கள் வீட்டில் அடி விழும். சிவரூபி யாழ்ப்பாணத்து ஆய்வு மாணவி. எலியின் இளம் செல்கள் தசையாக மாறுவதுதான் அவளுடைய ஆய்வு. மாற வேண்டுமானால் ஊட்டமான சீரத்தைக் குறைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை குறைத்தாள்; "ஒண்டும் போட்டிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனாள். சனிக்கிழமை எட்டிப் பார்த்த எனக்கு மனசு கேட்கவில்லை. சீரத்தைத் தாராளமாக ஊற்றினேன்.

செல்கள் ஜோராகப் பெருகியிருந்தன. ஒன்றுகூடத் தசையாகவில்லை.

"எல்லாச் செல்லிலயும் ஒரே டிஎன்ஏதான் அண்ணை. ஆனா தசைக்கான ஜீன்கள் குரோமட்டின் சுருளுக்குள்ள இறுகிக் கிடக்கு. சாப்பாடு குறைஞ்சாத்தான் சுருள் தளர்ந்து அதுகள் வேலை செய்யும். நீங்கள் விருந்தெல்லோ வச்சிருக்கிறீங்கள்!"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். உறையவைத்த செல்களில் ஒரே ஒரு குழாய்தான் மிச்சம். அதுவும் வீணானால் உதவித்தொகை நிற்கும், ஆய்வும் நிற்கும். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்றே சீரம் இருந்த பிரிட்ஜைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டாள். "இனி இது உங்களுக்குத் திறக்காது."

ஊட்டுகிற வேலை போனதால் வெட்டுகிற வேலை வந்தது. குரோமட்டினில் டிஎன்ஏவை வெட்டும் என்சைமை விட்டால் தளர்ந்த இடம் முதலில் வெட்டுப்படும். இறுகிய இடம் தப்பிக்கும். எந்த ஜீன் திறந்திருக்கிறது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். பழகுவதற்குத் தந்த குரோமட்டினையெல்லாம் அளவுக்கு மீறி வெட்டிக் கூழாக்கினேன். சிவரூபி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தந்தாள்.

கடைசிக் குழாய்ச் செல்களைப் பட்டினி போட்ட நாட்களில் இன்குபேட்டர் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவை வரிசையாக நின்று, ஒன்றோடொன்று சேர்ந்து, நீண்ட நார்களாயின. ஒருநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது ஒரு நார் சுருங்கி விரிந்தது.

"துடிக்குதும்மா! ஓடி வாங்க!" என்று கத்தினேன்.

தசை ஜீன் திறந்துவிட்டதை ஜெல் பரிசோதனையில் காட்டியது நான் வெட்டிக் கொடுத்த குரோமட்டின்தான். அன்று சிவரூபி மறுபடி அழுதாள். இந்த முறை நானும் அழுதேன்.

பட்டம் பெற்றுப் போகும்போது சாவியை நீட்டினாள். "என்கிட்ட வேணாம்மா, அடுத்த பிள்ளைகிட்ட குடுத்துட்டுப் போங்க," என்றேன். அந்தப் பிரிட்ஜ் எனக்குத் திறந்தே இருந்திருந்தால், ஓய்வுபெறும்வரை நான் சாப்பாடுதான் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.