நீக்கப்பட்ட நான்காம் பகுதி

என் அண்ணன் தம் வாழ்நாளில் எழுதிய ஒரே சட்டக் கட்டுரையிலிருந்து நான்காம் பகுதியை நீக்கியவன் நான். அவர் காலமாகி ஆறு மாதம் ஆகிறது. அவர் இருந்தவரை இதை எழுத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் இருபது வயதுகளின் தொடக்கத்தில் நான் பட்டணத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு சட்ட இதழ் நடத்தினோம். ஆசிரியர் குழுவில் நாங்கள் மூவர். வரும் கட்டுரைகளைத் தேர்ந்தெடுப்பதும் வெட்டுவதும் அச்சுக்கு அனுப்புவதும் எங்கள் பொறுப்பு. எழுதியவர் நீதிபதியானாலும் வக்கீலானாலும் பெயரின் மேல் ஒரு தாளை ஒட்டி மறைத்த பிறகே படிக்க வேண்டும் என்பது விதி. அச்சேறிய தீர்ப்பையோ நூலையோ அடிக்குறிப்பில் காட்டாத கூற்று எதுவும் நிற்கக் கூடாது என்பது இன்னொரு விதி. ஒரு வழக்கைக்கூட நடத்திப் பார்த்திராத எங்களுக்கு அந்த விதிகளை விட்டால் வேறு பிடிமானம் இல்லை. எங்கள் இதழை என்றாவது ஒரு கோர்ட் தன் தீர்ப்பில் மேற்கோள் காட்ட வேண்டும் என்று மூவரும் கனவு கண்டோம்.

அண்ணன் தென்காசியில் வக்கீல். ஞாயிற்றுக்கிழமைகளில் சிற்றாற்றங்கரையில் நடப்பார். குற்றாலத்தில் சாரல் தொடங்கி ஆற்றில் முதல் வெள்ளம் வந்ததும், மேல்மடைக்காரர்கள் மூன்று நாள் தங்கள் மடைகளை அடைத்துவைத்துக் கடைமடை ஊரின் குளத்துக்குத் தண்ணீர் விட வேண்டும்; அதற்குப் பிறகே தங்கள் வயலுக்குப் பாய்ச்சலாம். எந்த ஏட்டிலும் இல்லாத வழக்கம் அது. மடைகளைத் திறந்து அடைக்கும் நீர்ப்பாய்ச்சிகள் மூவரிடம் பல வருஷம் கேட்டு அண்ணன் அதைக் குறித்துவைத்திருந்தார். ஆற்றுநீர் உரிமை பற்றி எங்கள் இதழுக்கு அவர் அனுப்பிய கட்டுரையின் நான்காம் பகுதி அதுதான்.

பெயர் மறைந்திருந்தது, கையெழுத்து மறையவில்லை. யாருடையது என்று சொல்லிவிட்டு நான் விலகியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

குழுவில் ஒருவர் அந்தப் பகுதியைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இது சட்டக் கட்டுரையா, குற்றால யாத்திரையா? மூணு கிழவங்க சொன்னாங்களாம்! அடிக்குறிப்பு எங்கே ஐயா?"

மற்றவர் தயங்கினார். "இதிலே புதுசா இருக்கிறதே அது ஒண்ணுதானே?"

முடிவு என் கைக்கு வந்தது. அண்ணனுடையது என்று பின்னால் தெரிந்தால் சலுகை காட்டினேன் என்பார்களே என்ற பயத்தில், வேறு எவரிடமும் காட்டாத கடுமையை அவரிடம் காட்டினேன். அந்தப் பகுதியின் நான்கு பக்கங்களுக்கும் குறுக்கே சிவப்பு மையில் கோடு இழுத்தேன். வெளியூர்க்காரர்களுக்கு அச்சுப்படி அனுப்பிக் கேட்கும் பழக்கம் எங்களிடம் இல்லை. அச்சு முடிந்ததும் கையெழுத்துப் பிரதியை அச்சகத்தார் கழித்துவிட்டார்கள்.

இதழ் போய்ச் சேர்ந்ததும் அண்ணனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அச்சு சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். வேறொன்றும் இல்லை.

இரண்டு வருஷத்தில் நானும் தென்காசிக்கு வந்து அண்ணனிடம் உதவி வக்கீலாகச் சேர்ந்தேன். அந்த வருஷச் சாரலில் மேல்மடைக்காரர்கள் மூன்று நாள் அடைக்க மாட்டோம் என்றார்கள். கடைமடை ஊரார் அண்ணனைத் தேடி வந்தார்கள். முதல் வெள்ளம் கிடைக்காவிட்டால் அவர்களுக்குக் கார் பருவ நெல் சாகுபடியே கிடையாது. அவர்களுக்காக அண்ணன் வழக்குப் போட்டார்.

நீர்ப்பாய்ச்சிகளில் இருவர் அதற்குள் இறந்திருந்தார்கள். மூன்றாமவரைக் கூண்டில் ஏற்றினோம். எதிர்த்தரப்பு வக்கீல் வேடிக்கைப் பேச்சுக்காரர். எங்கள் இதழைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"இது உம்ம வக்கீலய்யா இந்த ஆத்தைப் பத்தி எழுதினது. நீரு சொல்லுத மூணு நாள் இதுல எங்கனயும் இல்லையே?"

"புத்தகத்துல இல்லைன்னா தண்ணி ஓடலைன்னு ஆயிருமாய்யா?" என்றார் கிழவர்.

கோர்ட்டே சிரித்தது. அந்த வக்கீலும் சிரித்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, இத்தனை வருசம் ஆத்தங்கரையில நடந்திய. இந்த வழக்கம் மட்டும் கண்ணுல படலையோ? இல்ல, பிராது எழுதும்போதுதான் பொறந்துச்சோ?"

முன்சீப் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் எழுந்து, கட்டுரையில் அது விடுபட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். விட்டவன் நான்; பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

வழக்குக்கு முன்பே அந்தப் பகுதி எழுதப்பட்டது என்று சாட்சி சொல்லக்கூடியவர்கள் ஆசிரியர் குழுவில் இருந்த நாங்கள் மூவர். எங்களில் தென்காசியில் இருந்தவன் நான் ஒருவன். பகல் இடைவேளையில் அண்ணனிடம் போனேன்.

"வக்காலத்தை விட்டுட்டு கூண்டுல ஏறி, நான்தான் வெட்டினேன்னு சொல்லுதேன், அண்ணே."

"வேண்டாம்லே. நேத்துக் கோட்டு மாட்டினவன் நீ. அண்ணனுக்காகப் பொய் சொல்லுதான்னு பேசுவானுவ. உன் பேரு போயிரும். சாப்பிடு."

நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. அவர் வேண்டாம் என்றதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. சாப்பிட்டேன்.

வழக்கு தள்ளுபடியாயிற்று. மேல்முறையீடும் நிற்கவில்லை. தீர்ப்பில் எங்கள் இதழின் பெயரும் பக்க எண்ணும் இருந்தன. இதழ்க் குழுவில் அன்று சிரித்த நண்பர் எப்படியோ கேள்விப்பட்டு வாழ்த்துக் கடிதம் எழுதினார். நான் பதில் போடவில்லை.

பின்னாளில் சட்டம் கற்பிப்பவனாகி, மாணவர் இதழ்கள் சிலவற்றுக்குத் துணையாகவும் இருந்தேன். அவற்றை இன்றும் குறைத்துப் பேச மாட்டேன். பெயருக்கு அஞ்சாமல் எழுத்தை எழுத்தாகப் படிக்கிற இடங்கள் அதிகம் இல்லை. எழுதியவரைக் கேளாமல் ஒரு வரியையும் வெட்டாதீர்கள் என்று மாணவர்களிடம் வற்புறுத்தினேன். காரணம் கேட்டவர்களுக்குச் சொல்லவில்லை. ஒரு சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு நடந்து போகும்போது, மறுபடி ஏதாவது எழுதலாமே என்று அண்ணனிடம் கேட்டேன். "எனக்கு எழுத்து வராதுலே," என்றார். பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

அவர் மறைந்த ஐந்தாம் நாள் கடைமடை ஊரிலிருந்து இருவர் துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க வந்தார்கள். மூத்தவர், அன்று கூண்டில் ஏறிய நீர்ப்பாய்ச்சியின் மகன். அவர் சொன்னார்:

"அண்ணாச்சி எழுத மறந்துட்டாகன்னு ஊர்ல இன்னைக்கும் ஒரு பேச்சு உண்டு. நாங்க குத்தமா நினைக்கல. மனுசன்னா மறதி வரத்தான செய்யும்?"

"அண்ணன் மறக்கல. எழுதித்தான் அனுப்பினாக. நான்தான் வெட்டினேன்."

அவர் என்னையே பார்த்தார்.

"அன்னைக்குக் கோர்ட்டுல நீங்களும் அங்கனதான இருந்திய?"

"இருந்தேன்."

துட்டி வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படும் வழக்கம் இல்லை. இருவரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள்.