போட் யாருடைய பேரில்?

அந்தப் போட்டைப் பார்த்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீல நிறப் பைபர் போட், இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு. கற்பிட்டிக் கரையில் மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். யுத்தத்தில் ஊரைவிட்டு வந்து மாம்புரியில் குடியேறியதிலிருந்து நான் பிறத்தியாருடைய போட்டில்தான் வலை இழுத்தேன். யுத்தமும் முடிந்து, கடலில் இறங்கப் பாஸ் காட்டும் தொல்லையும் ஒழிந்த பிறகு எனக்கு இருந்தது ஒரே ஆசை. சொந்தமாக ஒரு போட்.

விற்க நின்ற முஸ்லிம் அண்ணரை எல்லாரும் நானா என்பார்கள்; அவர் போட்டைச் சுற்றிக் காட்டினார். நான் தட்டிப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன், முகர்ந்துகூடப் பார்த்தேன். எதற்கு முகர்ந்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கேயே வாய்ப்பேச்சில் முடித்து, கரையில் நின்றவர்களுக்கெல்லாம் பனிசும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

மனைவி ஒரே கேள்வியில் என்னைத் தரையில் இறக்கினாள்.

"பதிவு ஆரின்ர பேரில கிடக்கு?"

"நானாவின்ர போட், நானாவின்ர பேரிலதான் இருக்கும்."

"பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. முகர்ந்ததைச் சொல்லவும் வாய் வரவில்லை.

அடுத்த நாள் நானாவையும் கூட்டிக்கொண்டு நானும் மனைவியும் மீன்பிடி இலாகாக் கந்தோருக்குப் போனோம். கிளாக்கர் தடித்த கொப்பியைப் புரட்டி, போட் நம்பரைத் தேடி, பேரை வாசித்தார். ஒரு பெண்ணின் பேர்.

நானா தலையைச் சொறிந்தார். "அது நம்ம பொஞ்சாதி. சீதனமா வந்த போட். மாமா மகள்ட பேர்ல பதிஞ்சிட்டாரு. சும்மா பேருக்குத்தான் தம்பி, இவ்வளவு காலமும் ஓட்டுறது நான்தானே."

"ஓட்டுறவர் இல்ல, பேர் உள்ளவர்தான் கையெழுத்து வைக்கணும்" என்றார் கிளாக்கர்.

"விக்கிறது அவவுக்குத் தெரியுமோ?" என்று என் மனைவி கேட்டாள். நானா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அது ஓடவேயில்லை.

கந்தோரிலிருந்து நேரே நானாவின் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவியை நாங்கள் ராத்தா என்று அழைத்தோம். ராத்தா எல்லாக் கதையையும் கேட்டார், புருஷனை ஒரு பார்வை பார்த்தார், எங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார்.

"கையெழுத்து வைக்கிறேன். ஆனா என்ட போட்டுல நான் ஒரு நாளும் ஏறினதில்ல. ஒருக்கா ஏத்திட்டு வித்துக்கங்க."

எங்கள் கரையில் பெண்களைப் போட்டில் ஏற்றுவதில்லை. நானா பதறினார்.

"மீன் விலகிரும் புள்ள!"

"விக்கிற போட்டுக்கு மீன் என்னத்துக்கு?"

அன்று பின்னேரமே போட்டைக் களப்புத் தண்ணீரில் இறக்கினோம். நானா எஞ்சினில், நான் நடுவில், ராத்தாவும் என் மனைவியும் முன்னால் கையைக் கோத்தபடி. முதலில் பயத்தில் இருவரும் ஓதாத குறை. முதல் அலை முகத்தில் அடித்ததுதான் தாமதம், ராத்தா சிரிக்கத் தொடங்கினார். "இன்னும் வேகமா!" என்றார். பஸ்ஸில் ஏறினாலே தலைசுற்றுகிற என் மனைவி சந்தோஷத்தில் கூக்குரல் போட்டாள். உம்மென்று இருந்த நானாவும் புது மாப்பிள்ளை மாதிரி வளைத்து வளைத்து ஓட்டிக் காட்டினார். கண்டல் மரத் திட்டை மூன்று தரம் சுற்றினோம். என் போட் என்னமாய்த் திரும்புகிறது என்று நான் பூரித்துப்போனேன்.

கரையில் இறங்கிய ராத்தா, நனைந்த முக்காட்டைப் பிழிந்துவிட்டுப் போட்டைத் தடவினார்.

"விக்கல்ல."

"என்னா?" என்றார் நானா.

"விக்கல்ல. வெள்ளிக்கிழமைகள்ல பின்னேரம் அஸர் தொழுத பொறகு என்னைக் கூட்டிட்டுப் போகணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, மனசுல வெச்சுக்காதீங்க."

எனக்கு அழுகையே வந்தது. சண்டை பிடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவருடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். கந்தோருக்குப் போகாமல் வாங்கியிருந்தால், இவருடைய சீதனத்தையல்லவா இழுத்துக்கொண்டு போயிருப்பேன்!

திரும்பும் பஸ்ஸில் நான் இழவு வீட்டுக்காரன்போல இருந்தேன். மனைவியின் தலைமயிர் இன்னும் காயவில்லை. யன்னலைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சிரிப்பு?"

"வேற போட் பாப்பம்" என்றாள். "ஆனா பதிவு என்ர பேரில."

பகிடி என்றுதான் நினைத்தேன். அவளோ சிரிப்பை நிறுத்திவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தாள். ஓம் என்றேன்.